கரைக்கு வந்த மருத்துவமனை

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மாதத்திற்குரிய மழை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளம் நீரில் மூழ்க, மக்கள் மாடியிலும் கூரையிலும் ஏறி நின்று உதவிக்காகக் காத்திருந்தனர். கூட்டரசு நெடுஞ்சாலையின் சில பகுதிகளிலும் வெள்ளம் புகுந்ததால் வாகனங்கள் நகர முடியாமல் நின்றன.

அந்த நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள சுங்கை வேயில் சிறுநீரக நோயாளி ஒருவர் வாழ்வதாக வைத்துக்கொள்ளலாம். செவ்வாய், வியாழன், சனி என வாரத்தில் மூன்று நாள் அவருக்கு டயாலிசிஸ் எனப்படும் இரத்தச் சுத்திகரிப்பு நடக்க வேண்டும். சனிக்கிழமை சாலை அடைபட்டால் அடுத்த முறை செவ்வாய்க்கிழமைதான். வியாழனிலிருந்து எண்ணினால் ஐந்து நாள். அதற்குள் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். நுரையீரலில் நீர் கோக்கும். இதயம் நின்றுவிடவும் கூடும். அவர் உடலில் ஒரு கீறல்கூட இருக்காது. வெள்ள நீர் அவர் வீட்டு வாசலைத் தொட்டிருக்கவும் தேவையில்லை. ஆனாலும், அவர் அந்த வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்தான்.

அன்று கிள்ளான் துறைமுகத்தில் ஆயிரம் படுக்கைகள் கொண்ட மருத்துவமனைக் கப்பல் ஒன்று நங்கூரமிட்டிருந்தால் அவருக்கு உதவியிருக்குமா? பேரிடர்க் காலங்களில் தொலைக்காட்சியில் வெள்ளைக் கப்பலைக் காணும்போதெல்லாம், நம் நாட்டுக்கும் அப்படி ஒன்று வேண்டும் எனப் பலரும் எண்ணுவது இயல்பு. அந்த எண்ணத்தில் தவறில்லை. ஆனால், கப்பல் வந்து சேர்வது வேறு. சிகிச்சை வந்து சேர்வது வேறு. இந்த வேறுபாட்டை உலகம் சில கசப்பான அனுபவங்களின்வழி கற்றிருக்கிறது.

மருத்துவமனைக் கப்பல் என்றதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருபவை அமெரிக்கக் கடற்படையின் ‘மெர்சி’, ‘கம்ஃபர்ட்’ ஆகிய இரண்டு கப்பல்களே. முன்பு எண்ணெய் ஏற்றிச் சென்ற இக்கப்பல்கள் 1980களில் மருத்துவமனைகளாக மாற்றப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 272 மீட்டர் நீளமுடையது. 1,000 படுக்கைகளும் 12 அறுவைச் சிகிச்சை அறைகளும் கொண்டது. மின்சாரத்தைக் கப்பலே உற்பத்தி செய்துகொள்ளும், கடல்நீரைக் குடிநீராக்கும். எக்ஸ்ரே, இரத்த வங்கி, ஆய்வுக்கூடம் எல்லாம் உள்ளே உண்டு. ஜெனிவா ஒப்பந்தத்தின்படி மருத்துவமனைக் கப்பலுக்கு வெள்ளை வண்ணம் பூசி, அதன்மேல் தொலைவிலிருந்தே தெரியும்படி பெரிய சின்னம் வரைவர். போர்க்காலத்திலும் அதைத் தாக்கக்கூடாது என்பது உலக விதி. போருக்கென உருவான இந்த ஏற்பாடுதான் பிற்காலத்தில் நிலநடுக்கத்திற்கும் சூறாவளிக்கும் உதவ வந்தது.

2010 ஜனவரி 12இல் ஹைட்டியை உலுக்கிய நிலநடுக்கம் அத்தகைய கப்பலின் பெருமையை உலகுக்குக் காட்டியது. தலைநகரில் மருத்துவமனைகளும் இடிந்திருந்தன, துறைமுகமும் சிதைந்திருந்தது. எட்டாம் நாள் வந்து சேர்ந்த கம்ஃபர்ட், ஏழு வாரங்களில் 800க்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளைச் செய்தது. சிமெண்டுச் சுவர்களுக்கு அடியில் நசுங்கிய கைகால்களுக்குத் தேவைப்பட்டது அறுவை மருத்துவரின் கத்திதான். கப்பலிடம் இருந்ததும் அதுவே. தேவையும் கருவியும் பொருந்தியதால் கப்பல் பயன்பட்டது. ஆனால், எல்லாப் பேரிடர்களும் ஒரே வகையான நோயாளிகளை உண்டாக்குவதில்லை.

சூறாவளியை எடுத்துக்கொள்ளலாம். அட்லாண்டிக் பெருங்கடலில் அதற்கு ஹரிகேன் என்று பெயர். பசிபிக்கின் மேற்கே தைஃபூன். வங்கக் கடலில் சைக்ளோன். தமிழில் மூன்றுக்கும் சூறாவளி என்னும் ஒரே சொல் போதும். காற்றின் வேகத்தில் சிலர் உடனே இறக்கின்றனர். ஆனால், காற்று ஓய்ந்த பிறகு மின்சாரம் இல்லாத வீடுகளில், குளிர்பதனப் பெட்டியில் வைக்க முடியாமல் கெட்டுப்போன இன்சுலினால், நின்றுபோன உயிர்வாயுக் கருவியால், எட்டாத மருந்தகத்தால் இறப்போர் வெகு பலர். அவர்களுடைய சாவு செய்தியாவதில்லை. வீட்டில் முதியவர் ஒருவர் இறந்தார் என்பதோடு அது முடிந்துவிடும்.

போர்ட்டோ ரிக்கோ தீவில் நடந்தது இதுதான். 2017 செப்டம்பர் 20இல் மரியா சூறாவளி அத்தீவைக் குறுக்காகக் கடந்தது. தீவு முழுவதும் மின்சாரம் நின்றது. எல்லா வீடுகளுக்கும் அது திரும்ப ஏறக்குறைய 11 மாதங்கள் ஆயின. இரு வாரங்களுக்குப் பின், அக்டோபர் 3இல், கம்ஃபர்ட் கப்பல் தலைநகர் சான் வானை அடைந்தது. அந்தப் பயணத்திற்காக 250 படுக்கைகள் ஆயத்தமாக வைக்கப்பட்டிருந்தன. சுமார் 800 பணியாளர்கள் கப்பலில் இருந்தனர். ஆனால், அக்டோபர் நடுப்பகுதியில் அப்படுக்கைகளில் நோயாளிகள் இருந்தவை 33 மட்டுமே.

நோயாளிகள் இல்லாமலா போனார்கள்? அரசாங்கம் தொடக்கத்தில் அறிவித்த உயிரிழப்பு 64. பின்னர் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஆய்ந்து கூறிய எண்ணிக்கை 2,975. அதைத்தான் 2018 ஆகஸ்டில் அரசாங்கமும் ஏற்றுக்கொண்டது. சூறாவளிக்குப் பிந்திய ஏறத்தாழ ஆறு மாதங்களில் வழக்கத்தைவிடக் கூடுதலாக நிகழ்ந்த இறப்புகள் அவை. ஒருபுறம் காலிப் படுக்கைகள். மறுபுறம் சிகிச்சைக்காகத் தவித்த மக்கள். இடையில் இருந்தது கடல் மட்டுமன்று. தொலைபேசிக் கம்பங்கள் சாய்ந்திருந்தன. எனவே, மலைக்கிராமத்து மருத்துவர் கப்பலோடு பேச வழியில்லை. நோயாளி தாமாகவே கப்பலுக்குச் செல்ல இயலாது. கரையிலுள்ள மருத்துவமனை பரிந்துரைத்து, அதிகாரிகள் ஒப்புக்கொண்ட பிறகே ஏற்றிக்கொள்ளப்பட்டார். கப்பல் கடலில் நின்றபோது ஹெலிகாப்டர் ஒன்றே பெரும்பாலும் வழி. அக்டோபர் இறுதியில் கப்பல் துறைமுகத்தில் வந்து கட்டப்பட்ட பிறகுதான் மக்கள் நேரே நடந்து வந்தனர். அப்போது நீண்ட வரிசை நின்றது. நவம்பர் நடுவில் கப்பல் புறப்பட்டுச் சென்றது.

இதில் கப்பலின் மருத்துவர்களையும் தாதியரையும் குறைகூற ஒன்றுமில்லை. அவர்கள் தங்களிடம் வந்தோரை அக்கறையுடன் கவனித்தார்கள். குறை, ‘எத்தனை படுக்கைகள்’ என்று மட்டும் கணக்கிட்ட திட்டத்தில்தான் இருக்கிறது. அந்தப் படுக்கைவரை நோயாளியை யார் கொண்டுவருவார் என்று திட்டமிட்டோர் போதிய அளவு எண்ணவில்லை.

அத்தீவுக்குக் கிழக்கே வியேக்கெஸ் என்ற சிறு தீவு உண்டு. அப்போது ஏறத்தாழ 9,000 பேர் அங்கு வாழ்ந்தனர். அங்கிருந்த ஒரே மருத்துவமனை சூறாவளியில் பாழானது. அதனுள் இருந்த இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவும் அழிந்தது. அதன்பின் அத்தீவின் சிறுநீரக நோயாளிகள் வாரத்தில் மூன்று நாள் சிறு விமானமேறி, கடலைக் கடந்து பெரிய தீவுக்குச் சென்று, சிகிச்சை முடிந்ததும் களைத்த உடலுடன் மீண்டும் விமானமேறித் திரும்பினர். வாரங்களாகவோ மாதங்களாகவோ அன்று, ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தது. வானிலை மோசமானால் விமானம் இல்லை. விமானம் இல்லையென்றால் சிகிச்சையும் இல்லை. வெள்ளைக் கப்பல் நவம்பரில் போய்விட்டது. சிறுநீரக நோயோ வாரத்திற்கு மூன்று முறை என்று வாழ்நாள் முழுவதும் தொடர்வது. சுங்கை வே நோயாளிக்கும் வியேக்கெஸ் நோயாளிக்கும் பொதுவான சிக்கல் இதுவே.

தமிழ் மக்கள் மறக்க முடியாத பேரிடர் ஒன்று இதே பாடத்தை வேறு விதமாகக் காட்டுகிறது. 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை ஆச்சே முதல் நாகப்பட்டினம், முல்லைத்தீவு, மட்டக்களப்பு வரை கரைகளை அழித்தது. மலேசியாவிலும் பினாங்கு, கெடா கரைகளில் அதிகமாக உயிர்கள் பறிபோயின. நாடு முழுவதும் இறந்தோர் 68 பேர். உதவிக்காக மெர்சி கப்பல் சான் டியேகோ நகரிலிருந்து 2005 ஜனவரி 5இல் புறப்பட்டது. அது ஆச்சே கரையை அடைந்தபோது பிப்ரவரி தொடங்கிவிட்டது. அலையில் அடிபட்டவர்களின் காயம் ஐந்து வாரம் காத்திருக்குமா? கப்பல் வந்தபின் செய்த பணி மிகுதி. ஆனால், அது பெரும்பாலும் நெடுநாள் நோய்களுக்கான பணி. பெரிய கப்பல் வேகமாக வந்துவிடும் என்ற எண்ணத்தைப் பசிபிக் பெருங்கடலின் அகலம் பொய்யாக்கியது.

அதே வேளையில் இந்தியக் கடற்படை வேறொரு வழியைக் கையாண்டது. அதனிடம் பெரிய மருத்துவமனைக் கப்பல் இல்லை. கடலின் ஆழத்தை அளந்து வரைபடம் தயாரிக்கும் ஆய்வுக்கப்பல்கள் இருந்தன. அவற்றில் ‘நிருபக்’ கப்பலை மருத்துவமனையாக மாற்றி ஆச்சேயின் மெலாபோவுக்கு அனுப்பியது. ‘ஜமுனா’ இலங்கைக்குச் சென்றது. ஆய்வுக்கப்பலில் கரையோரம் செல்லக்கூடிய சிறு படகுகள் எப்போதும் இருக்கும். ஹெலிகாப்டர் இறங்கும் தளமும் உண்டு. அறைகளில் கட்டில்களைப் போட்டு மருத்துவர்களை ஏற்றினால் வேலை தொடங்கிவிடும். தமிழகக் கரையிலேயே ஆயிரக்கணக்கானோர் மாண்டிருந்த வேளையில் அண்டை நாட்டுக்கும் இவ்வுதவி சென்றது என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். ஆயிரம் படுக்கைகளோடு ஐந்து வாரம் கழித்து வருவதைவிட, சில பத்துப் படுக்கைகளோடு ஐந்து நாளில் வருவது மேல். அடிபட்டவரைக் கேட்டால் இதையே சொல்வார்.

வேகமும் அருகாமையும் இருந்தாலும் போதாத நேரமும் உண்டு. 2008 மே மாதத் தொடக்கத்தில் நர்கிஸ் சூறாவளி மியன்மாரின் ஐராவதி டெல்டாவைத் தாக்கியது. ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற் போயினர். ஹெலிகாப்டர்கள், மருத்துவக் குழுக்கள், குடிநீர் எல்லாவற்றோடும் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் அந்நாட்டுக் கரைக்கு வெளியே வாரக்கணக்கில் காத்திருந்தன. மியன்மார் இராணுவ அரசு அனுமதி வழங்கவில்லை. ஜூன் 5இல் அவை திரும்பின. அங்குக் கப்பலுக்கும் நோயாளிக்கும் இடையே ஒரு கையொப்பம்தான் குறைவாக இருந்தது. கசந்துபோன அந்த நாள்களில் ஆசியான் அமைப்பு முன்வந்து நடுவராக நின்ற பிறகே வெளிநாட்டு உதவி ஓரளவு உள்ளே சென்றது. கப்பல் வாங்குவதற்கு முன்பே அண்டை நாடுகளோடு இத்தகைய ஒப்புதல்களைப் பேசி முடித்துவைப்பது பணம் செலவாகாத ஆயத்தம்.

மலைநாட்டின் நிலையோ வேறு. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைக் கடந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண் சரிந்து குடியிருப்புகளைப் புதைத்தது. தேயிலைத் தோட்டங்களில் லயன் வீடுகளில் வாழும் மலையகத் தமிழர் பலர் வீடிழந்தனர். அம்மக்களின் வரலாறு மலேசியத் தோட்டத் தமிழரின் வரலாற்றுக்கு உடன்பிறந்தது. கொழும்புத் துறைமுகத்தில் எத்துணைப் பெரிய கப்பல் நின்றாலும் அது மலையேறாது. இந்திய இராணுவத்தின் கள மருத்துவமனை ஒன்று விமானத்தில் கொண்டுசெல்லப்பட்டு மகியங்கனையில் அமைக்கப்பட்டது. அது சரியான முடிவு. மலேசியாவுக்கும் இது புதிதன்று. 1996 டிசம்பர் 26இல் கிரெக் வெப்பமண்டலப் புயல் சபாவைத் தாக்கி இருநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மிகுதியான சேதம் கெனிங்காவில். அதுவோ கடலிலிருந்து உள்ளே, மலைகளுக்கு நடுவே அமைந்த ஊர்.

அப்படியானால் மருத்துவமனைக் கப்பலே வேண்டாமா? அவ்வாறு கூறுவதும் நேர்மையாகாது. பதினேழாயிரம் தீவுகள் கொண்ட இந்தோனேசியா, தரையிறங்கும் படைக்கப்பல் ஒன்றை 2007இல் மருத்துவமனையாக மாற்றி, ‘டாக்டர் சுஹார்சோ’ என்று பெயரிட்டுப் பயன்படுத்துகிறது. அந்நாட்டுக்கு அது தேவை. பேரிடர் இல்லாத காலத்திலும் தொலைதூரத் தீவுகளுக்குச் சென்று கண்புரை, உதட்டுப் பிளவு முதலியவற்றுக்கு அறுவைச் சிகிச்சை செய்யும் பணி அத்தகைய கப்பலுக்கு உண்டு. சபா, சரவாக் கரைகளையும் தீவுகளையும் எண்ணும்போது மலேசியாவுக்கும் கடல்வழி மருத்துவ உதவி பயன்படும். அரச மலேசியக் கடற்படையின் துணைக்கப்பல் ஒன்றில் தேவைப்படும்போது பொருத்தவும் கழற்றவும் கூடிய மருத்துவப் பிரிவை வைத்திருக்கலாம். கள மருத்துவமனை நடத்தும் திறன் நம்மவரிடம் ஏற்கனவே இருக்கிறது. வங்காளதேசத்தின் காக்ஸ் பஜாரில் ரோஹிங்கியா அகதிகளுக்காக மலேசியா கள மருத்துவமனை நடத்தியது. ஆனால், ஆண்டு முழுவதும் துறைமுகத்தில் கட்டிவைத்து, பேரிடருக்காகக் காத்திருக்கும் ஒரு பெரிய வெள்ளைக் கப்பலுக்காகப் பொதுப்பணத்தைச் செலவிடுவது வேறு செய்தி. அது படம் எடுக்க அழகாக இருக்கும்.

இங்கு அஸ்ஸாமின் படகுகளை நினைவுகூரலாம். பிரம்மபுத்திரா ஆற்றின் நடுவே மணல்திட்டுகளில் வாழும் மக்களுக்கு ஆண்டுதோறும் வெள்ளம் வருகிறது. மருத்துவமனையோ எட்டாத் தொலைவில். 2005இல் ‘ஆகா’ என்ற படகு மருத்துவமனை அங்குப் புறப்பட்டது. அஸ்ஸாமிய மொழியில் அதற்கு ‘நம்பிக்கை’ என்று பொருள். பின்னர் மேலும் பல படகுகள் சேர்ந்தன. மருத்துவர், தாதி, மருந்தாளர் ஆகியோர் மாதந்தோறும் அதே திட்டுகளுக்கு வருகின்றனர். எந்த வீட்டில் கருவுற்ற பெண் இருக்கிறாள், எந்தக் குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி என்பது அவர்களுக்குத் தெரியும். வெள்ளம் வரும்போது அவர்கள் புதியவர்களாக வருவதில்லை. எந்த வாசலில் படகை நிறுத்த வேண்டும் என்று அறிந்தே வருகிறார்கள். ஆயிரம் படுக்கைக் கப்பலிடம் இல்லாதது இந்த அறிமுகம்தான்.

மீண்டும் சுங்கை வேக்கு வரலாம். 2021 வெள்ளத்தின் முதல் நாள்களில் தாமான் ஸ்ரீ மூடாவுக்குள் நுழைந்த படகுகளில் பல, பொதுமக்கள் சொந்தமாகக் கொண்டுவந்தவை. மீன்பிடிப் படகு, காற்றடைத்த படகு, கயிறு கட்டிய மிதவை என்று கிடைத்ததெல்லாம் உயிர்களைச் சுமந்தன. அந்தப் படகோட்டிகளிடம் மன உறுதி இருந்தது, பட்டியல்தான் இல்லை. எந்த வீட்டில் உயிர்வாயுக் கருவியை நம்பிய முதியவர் இருக்கிறார், எந்த வீட்டில் இன்சுலின் தேவை, யாருக்குச் செவ்வாய்க்கிழமைக்குள் இரத்தச் சுத்திகரிப்பு ஆக வேண்டும் என்பதை அவர்கள் எப்படி அறிவார்கள்?

இரத்தச் சுத்திகரிப்பு நிலையங்களிடமும் அரசாங்க மருந்தகங்களிடமும் இந்தப் பெயர்கள் இருக்கின்றன. ஆனால், அவை தனித்தனிப் பதிவேடுகளில் கிடக்கின்றன. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் அப்பட்டியலைத் தீயணைப்பு மீட்புத் துறையோடும் குடிமைத் தற்காப்புப் படையோடும் பகிர்ந்துகொள்ள ஏற்பாடு வேண்டும். ஒரு நிலையம் மூழ்கினால் அதன் நோயாளிகளை ஏற்கும் மாற்று நிலையம் எது என்பது முன்னரே எழுத்தில் இருக்க வேண்டும். நோயாளியின் சட்டைப்பையில் ஒரு சிறு அட்டை இருக்கட்டும்: இரத்த வகை, மருந்துகள், சிகிச்சை நாள்கள், மாற்று நிலையத்தின் தொலைபேசி எண். நிலையங்களின் மின்னாக்கி பெரும்பாலும் கீழ்த்தளத்தில் வைக்கப்படுகிறது. வெள்ளத்தில் முதலில் மூழ்குவதும் அதுவே. அதை மேல்தளத்துக்கு ஏற்றுவதற்கு ஆகும் செலவு, ஒரு கப்பலுக்கு வண்ணம் பூசும் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இவையெல்லாம் நிறைவேறிய பிறகு கிள்ளான் துறைமுகத்தில் ஒரு மருத்துவமனைக் கப்பலும் வந்து நிற்கட்டும். அந்த அட்டையைப் படித்த படகோட்டி, சனிக்கிழமை மாலையே சுங்கை வே நோயாளியை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று அறிந்திருப்பார். அது கப்பலாகவும் இருக்கலாம். நீர் ஏறாத பக்கத்து ஊரின் இரண்டாம் மாடியாகவும் இருக்கலாம்.